நாட்டுப் பன்றியும் நஷ்டஈடும்

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்னும் கொடிய வியாதி 2020-ஆம் ஆண்டில் அஸ்ஸாம், அருணாசலப் பிரதேசம் ஆகியவற்றின் வழியாக முதன்முதலில் நமது தேசத்தினுள் புகுந்தது. அடுத்த ஆண்டிலேயே மிஸோரத்தில் பல்லாயிரக்கணக்கான பன்றிகளை வாரிக்கொண்டு போயிற்று. 2022-ல் கேரளத்து வயநாடு ஜில்லாவிற்கு வந்தது. 2023-ன் தொடக்கத்தில் நமது நீலகிரி ஜில்லாவில், முதுமலைக் காட்டுப் பன்றிகளிடையே காணப்பட்டது. மனிதரைத் தொற்றாத வியாதியாகையால் பட்டணவாசிகள் இதனைப் பற்றி அதிகமாகக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பத்திரிகைகளும், நம்மையும் சேர்த்தே சொல்லுகிறோம், இதற்குப் போதிய இடம் கொடுக்கவில்லை. மலைநாட்டுக் குடியானவர்களுக்கோ இது பஞ்சத்திற்கு ஒப்பான விபத்து. பெண்ணின் கலியாணத்திற்கும், பிள்ளையின் படிப்பிற்கும், திடீரென நேரும் வைத்தியச் செலவிற்கும் கொட்டிலில் நிற்கும் பன்றியையே நம்பியிருப்பவர்கள் அவர்களில் பலர்.

வியாதி தணிந்த இடங்களில் கொட்டில்கள் மறுபடியும் நிரப்பப்பட வேண்டும். அப்பொழுது எந்த இனப் பன்றியைக் கொண்டு நிரப்புவது என்பதே நாம் இன்று விசாரிக்க விரும்பும் கேள்வி. இஃது உத்தியோகஸ்தர்கள் தங்கள் மேஜையிலேயே தீர்த்துவிடக் கூடிய சில்லறை விஷயம் என்று சிலர் நினைக்கலாம். நாம் அவ்வாறு நினைக்கவில்லை. இதே கேள்விக்கு வேறொரு தேசத்தில் தவறான விடை அளிக்கப்பட்டது. அத்தவற்றின் பலனை அத்தேசத்து ஏழைகள் நெடுங்காலம் அனுபவித்தார்கள். அந்தச் சரித்திரத்தை நமது வாசகர்கள் அறிந்திருத்தல் நலம்.

கரீபியன் கடலிலுள்ள ஹிஸ்பானியோலா தீவின் மேற்குப் பகுதி ஹைத்தி. கிழக்குப் பகுதி டொமினிக்கன் குடியரசு. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் தங்கள் பிரெஞ்சு எஜமானர்களை எதிர்த்துப் போராடி, 1804-ல் சுதந்தரம் பெற்ற தேசம் ஹைத்தி. 1791-ல் அப்புரட்சிக்குச் சங்கற்பம் செய்துகொண்ட இரவில் கறுப்புப் பன்றி ஒன்று பலியிடப்பட்டது என்பது அந்நாட்டார் போற்றும் ஐதிகம். கொலம்பஸ் 1493-ல் தமது இரண்டாவது யாத்திரையின்போது கொண்டுவந்த பன்றிகளும், அவருக்குப் பின்வந்த ஸ்பானியர் கொண்டுவந்தவையும் அத்தீவில் பெருகி, பல நூற்றாண்டுகளில் அந்த மண்ணுக்கே உரிய ஓர் இனமாக ஆகிவிட்டன. கிரியோல் பன்றி என்று அதற்குப் பெயர்.

அது சிறிய உருவமும் கறுப்பு நிறமும் உடையது. உதிர்ந்த மாம்பழம், கிழங்குத் தோல், அறுவடைக்குப் பின் வயலில் மிஞ்சியவை ஆகிய இவையே அதன் ஆகாரம். இரண்டு மூன்று நாள் தீனி கிடைக்காவிட்டாலும் தாங்கும். கூரையிட்ட கொட்டிலைக் கேளாது. மூக்கினால் நிலத்தைக் கிளறிப் புழுக்களைத் தின்னும். அதன் எருவும் நிலத்திற்கே சேரும். ஹைத்தியக் கிராமங்களில் பெரும்பான்மையான குடும்பங்கள் அதை வளர்த்தன. பள்ளிக்கூடம் திறக்கும் காலத்தில் சம்பளம் கட்ட ஒரு பன்றி விற்கப்படும். வீட்டில் மரணம் நேர்ந்தால் மற்றொன்று விற்கப்படும். பாங்கிகள் எட்டிப் பார்க்காத மலைக்கிராமத்தில் அதுவே பாங்கி. பன்றி முத்திரை பொறித்த பொற்காசினை நமது முன்னோர் வராகன் என்று வழங்கினார்கள். ஹைத்தியக் குடியானவனுக்கு உயிருள்ள பன்றியே வராகன்.

1978-ல் இந்தக் காய்ச்சல் டொமினிக்கன் குடியரசில் தோன்றி, விரைவில் எல்லையைக் கடந்து ஹைத்தியினுள் நுழைந்தது. அருகிலுள்ள அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பண்ணைக்காரர்கள் அஞ்சினார்கள். அவர்கள் அச்சம் ஆதாரமற்றது என்று நாம் சொல்ல மாட்டோம். இக்கிருமி இறைச்சியிலும் நெடுநாள் உயிர்த்திருக்கக் கூடியது. வந்த நோய்க்கு மருந்து கிடையாது. வராமல் தடுக்க அக்காலத்தில் ஊசியும் கிடையாது. ஆகவே அமெரிக்கா, கானடா, மெக்ஸிகோ ஆகிய நாடுகளின் உதவியுடன், நோயுற்றவை, நோயற்றவை என்ற பேதமின்றித் தேசத்திலுள்ள பன்றிகள் அனைத்தையும் கொன்றுவிடத் தீர்மானம் செய்யப்பட்டது. 1982, 1983 ஆகிய ஆண்டுகளில் அது நிறைவேறிற்று. வியாதிக்கு முன் பத்து லட்சத்திற்கு மேற்பட்ட பன்றிகளை உடையதாயிருந்த தேசத்தில் பன்றியே இல்லை எனும்படியான நிலைமை உண்டாயிற்று. நஷ்டஈடு கொடுக்கப்படும் என்று சொல்லப்பட்டது. குடியானவர்கள் பலருக்கு அது வந்து சேரவே இல்லை.

பிறகு கொட்டில்களை நிரப்பும் வேலை தொடங்கியது. உயர்ந்த இனம் என்ற சிபார்சுடன் அமெரிக்காவின் ஐயோவா மாகாணத்துப் பன்றிகள் கொண்டுவரப்பட்டன. அவற்றிற்குச் சுத்தமான குடிதண்ணீர் வேண்டும். அது ஹைத்திய மக்களிலேயே பெரும்பாலோருக்குக் கிடையாது. கூரை போட்ட கொட்டில் வேண்டும். பல குடியானவர்களின் குடிசைகள் அக்கொட்டில்களினும் தாழ்ந்தவை. வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான தீவனம் வேண்டும். அத்தீவனத்திற்கு ஆண்டொன்றுக்கு 90 டாலர் செலவாயிற்று என்றும், அக்காலத்தில் ஒரு ஹைத்தியனின் சராசரி வருஷ வருமானமே சுமார் 130 டாலர்தான் என்றும், பாதிரியாராயிருந்து பிற்காலத்தில் அந்நாட்டின் ஜனாதிபதியான ழான் பெர்ட்ராண்ட் அரிஸ்டீட் எழுதியிருக்கிறார். ஜனங்கள் அப்பன்றிகளுக்கு நான்கு கால் இளவரசர்கள் என்று பெயரிட்டார்கள்.

இளவரசர்களைப் போஷிக்க ஏழைகளால் இயலவில்லை. வந்த பன்றிகளில் பல மாண்டன. பன்றியை விற்றுப் படித்த பிள்ளைகள் பள்ளியினின்று நின்றார்கள். வேறு வழியற்றவர்கள் எஞ்சியிருந்த மரங்களை வெட்டிக் கரியாக்கி விற்றார்கள். 1986 பிப்ரவரியில் டூவாலியே என்ற சர்வாதிகாரி அந்நாட்டை விட்டு ஓட நேர்ந்ததற்கான காரணங்களுள் இப்பன்றிக் கொலையினால் விளைந்த மனக்கசப்பும் ஒன்று எனக் கூறுவோர் பலர். பின்னர் பிரெஞ்சு நிபுணர்களும் ஹைத்தியர்களும் கூடி, சீனத்துப் பன்றி, பிரான்ஸ் தேசத்துக் காஸ்கன் பன்றி, குவாதலூப் தீவின் கிரியோல் பன்றி ஆகிய மூன்றையும் கலந்து பழைய பன்றிக்கு ஒப்பான ஒன்றை உண்டாக்கினார்கள். இருந்ததை அழித்துவிட்டு, அதைப் போன்ற ஒன்றைத் தேடி மூன்று நாடுகளுக்குச் செல்லும்படி ஆயிற்று. எந்த வியாதியை ஒழிப்பதற்காக இவ்வளவும் செய்யப்பட்டதோ, அவ்வியாதி 2021-ல் டொமினிக்கன் குடியரசிலும் ஹைத்தியிலும் மீண்டும் தோன்றியது.

நியாயஸ்தலங்களில் பழகியவர்களாகிய நாம் நஷ்டஈடு என்னும் சொல்லுக்கு ஓர் அர்த்தத்தைக் கற்றிருக்கிறோம். இழந்தவனைப் பணத்தினால் கூடியமட்டும், இழப்பிற்கு முன் அவன் எந்த நிலையில் இருந்தானோ அந்த நிலையில் வைப்பதே நஷ்டஈடு. ஹைத்தியனிடமிருந்து எடுக்கப்பட்டது, செலவின்றி வளர்ந்து ஆபத்துக் காலத்தில் உதவும் சொத்து. அவனுக்குக் கொடுக்கப்பட்டது, நாள்தோறும் செலவு வைக்கும் கடன். தராசில் நிறுத்தால் புதிய பன்றியே கனமானது. கணக்கில் எழுதினால் பழைய பன்றியே லாபமானது. கொன்றது குற்றமா என்பதைப் பற்றி நிபுணர்கள் வாதாடலாம். கொன்ற பிறகு இனத்தை மாற்றிக் கொடுத்தது குற்றம் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

சீமை இனப் பன்றி சீக்கிரம் வளர்கிறது, அதிகக் குட்டிகளை ஈனுகிறது, அதன் இறைச்சியில் கொழுப்புக் குறைவு; இவற்றை மறுப்பது எங்ஙனம் என்று சிலர் கேட்கலாம். நாம் மறுக்கவில்லை. கலப்படமற்ற தீவனமும், சுத்தமான நீரும், மருந்தும், வைத்தியனும், அருகில் சந்தையும் உள்ள பண்ணைக்காரனுக்கு அதுவே ஏற்றது. ஆனால் அது தின்பது மக்காச்சோளமும் சோயா மொச்சையும். மலைக்கிராமத்துப் பன்றி தின்பது தவிடும், சேம்பும், சர்க்கரைவள்ளிக் கொடியும், சமையலறைக் கழிவும். மனிதனுக்கு உதவாததை மனிதனுக்கு உணவாக மாற்றுவது பின்னதன் தொழில். முன்னதோ மனிதனும் உண்ணத்தகும் தானியத்தைத் தின்று வளர்வது. இரண்டையும் எடையினால் மட்டும் ஒப்பிடுவது, வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத கணக்கப்பிள்ளையின் வேலையாகும்.

உயர்ந்த இனம் எது என்று தீர்மானிப்பதில் செல்வமும் அறிவும் மிகுந்த தேசங்களே தவறியிருக்கின்றன. பிரிட்டிஷ் சர்க்கார் நியமித்த ஆலோசனைக் கமிட்டி ஒன்று 1955-ல், பன்றி இனங்கள் பலவாயிருப்பது வியாபாரத்திற்கு இடையூறு என்றும், லார்ஜ் ஒயிட், லாண்ட்ரேஸ், வெல்ஷ் ஆகிய மூன்றினையே விருத்தி செய்ய வேண்டும் என்றும் கூறிற்று. விளைவு என்ன? கம்பர்லாண்ட் பன்றி 1960-ஐ ஒட்டி மறைந்தது. ஆட்டைப் போலச் சுருள் ரோமம் உடைய லிங்கன்ஷயர் பன்றி 1972-ல் பூண்டற்றுப் போயிற்று. பிறகு ஆங்கிலேயர் விழித்துக்கொண்டு, 1973-ல் அரிய இனங்களைக் காக்கும் சங்கம் ஒன்றை ஸ்தாபித்தார்கள். அதன் பின் பிரிட்டனின் சொந்தக் கால்நடை இனம் எதுவும் அழியவில்லை. தனி மனிதர்களின் ஊக்கத்தால் இது சாத்தியமாயிற்று. ஆயினும் போனவை போனவையே.

மற்றொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். இன்று உலகெங்கும் பரவியுள்ள லார்ஜ் ஒயிட் என்ற இங்கிலாந்துப் பன்றியின் உடம்பில் ஓடுவது முழுவதும் ஆங்கில இரத்தம் அன்று. பதினெட்டாம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும் சீனத்திலிருந்து கப்பலேற்றி வந்த சிறு பன்றிகளைத் தங்கள் நாட்டுப் பன்றிகளோடு சேர்த்தே ஆங்கிலேயர் தங்கள் இனங்களைச் சீர்திருத்தினார்கள். 1979-ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் மறுபடியும் சீனத்திற்கே சென்றார்கள். ஷாங்காய்க்கு அருகில் தாய்ஹூ ஏரிப் பிரதேசத்து மெய்ஷான் என்னும் சுருங்கிய முகமுடைய கறுப்புப் பன்றி ஒரே ஈற்றில் ஏறக்குறைய 15 குட்டிகளை ஈனுவதைக் கேள்வியுற்று, அந்தக் குணத்தைப் பெறவே சென்றார்கள். சீனத்துக் குடியானவன் அப்பன்றியைக் காப்பாற்றி வைத்திராவிட்டால் அவர்கள் வெறுங்கையுடன் திரும்பியிருப்பார்கள். எந்த இனத்தில் எந்தக் குணம் எந்தக் காலத்தில் வேண்டப்படும் என்று முன்கூட்டி அறிந்தவர் எவரும் இல்லை. ஆதலின் எதனையும் அழியவிடுவது அறிவுடைமை ஆகாது.

காப்பது எவ்வாறு? இங்கேதான் வேடிக்கையான ஓர் உண்மை இருக்கிறது. பசுவிற்குப் பால் உண்டு; காளைக்கு உழைப்பு உண்டு; செம்மறியாட்டிற்கு ரோமம் உண்டு. பன்றிக்கோ இறைச்சியையன்றி முக்கியமான பயன் வேறில்லை. உண்பாரற்ற பன்றியினம் வளர்ப்பாரற்றுப் போகும். ஹங்கேரி தேசத்தின் மங்கலிட்சா என்னும் சுருள் ரோமப் பன்றி 1991-ல் இருநூறுக்கும் குறைவான பெண் பன்றிகளே எஞ்சும் நிலையை அடைந்தது. கொழுப்பு மிகுந்தது என்று அதனைத் தள்ளியிருந்தார்கள். ஸ்பெயின் தேசத்து வியாபாரிகள் அதன் தொடைக்கறியை உப்பிட்டு உலர்த்தினால் தங்கள் நாட்டுக் கறுப்புப் பன்றியின் கறிக்கு இணையாகும் என்று கண்டு, விலை கொடுத்து வாங்க முன்வந்தார்கள். இன்று அவ்வினம் பல்லாயிரமாகப் பெருகியிருக்கிறது. கருவாலி மரத்துக் கொட்டைகளைத் தின்று மெதுவாக வளரும் அந்த ஸ்பானியக் கறுப்புப் பன்றியின் கறி உலகச் சந்தையில் மிக உயர்ந்த விலைக்குப் போகிறது. மெதுவாக வளர்வது எந்தப் பன்றிக்குக் குறையென்று சொல்லப்பட்டதோ அதுவே அதன் சுவைக்குக் காரணமாயிற்று.

இனி நமது தேசத்தின் நிலைமைக்கு வருவோம். 2012-ல் 1 கோடியே 3 லட்சமாயிருந்த பன்றிகளின் தொகை 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் சுமார் 91 லட்சமாகக் குறைந்திருந்தது. நூற்றுக்குப் பன்னிரண்டு குறைவு. அதுவும் இந்தக் காய்ச்சல் வருவதற்கு முன்பே. அந்த 91 லட்சத்தில் நாட்டுப் பன்றிகள் சுமார் 72 லட்சம். மற்றவை அந்நிய இனமும் கலப்பினமும். மாகாணங்களில் முதலிடம் பெற்ற அஸ்ஸாமில் மட்டும் ஏறக்குறைய 21 லட்சம் இருந்தன. வங்கத்தின் வடபகுதியில் குங்ரூ, மேகாலயத்தில் நியாங் மேகா, நாகாலாந்தில் தென்யி வோ, மிஸோரத்தில் ஸோவாக், அஸ்ஸாமில் டூம், திரிபுராவில் மாலி, கோவாவில் அகோண்டா எனப் பல இனங்களைக் கர்னாலிலுள்ள தேசியக் கால்நடை மரபியல் ஸ்தாபனம் பதிவு செய்திருக்கிறது. இவற்றை நாம் பாராட்டுகிறோம். ஆனால் பதிவுப் புத்தகத்தில் பெயர் இருப்பதனால் கொட்டிலில் பன்றி இருந்துவிடாது.

கலப்பினமே கூடாது என்று நாம் பிடிவாதம் செய்பவர்களல்லர். குவஹாத்திக்கு அருகில் ராணி என்னுமிடத்தில் உள்ள தேசியப் பன்றி ஆராய்ச்சி நிலையத்தார், நமது குங்ரூவையும் ஹாம்ப்ஷயர் பன்றியையும் சேர்த்து, அவ்வூரின் பெயராலேயே ஒரு கலப்பினத்தை உண்டாக்கியிருக்கிறார்கள். நல்ல வேலை. ஆயினும் அது நமது வாதத்திற்கே சாட்சி சொல்லுகிறது. குங்ரூ இருந்ததனால் அல்லவோ கலப்பதற்கு முடிந்தது? எல்லாக் கொட்டில்களிலும் அந்நிய ஆண் பன்றியை விட்டுக்கொண்டே போனால், சில தலைமுறைகளில் கலப்பதற்குரிய தாயினமே இல்லாது போகும். விதை நெல்லைக் குத்தி உண்பவனுக்கு அந்த வருஷம் பசி தீரும்; அடுத்த வருஷம்?

நாட்டுப் பன்றி இந்தக் காய்ச்சலுக்கு விலக்கு என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. அதுவும் மாளும். தெருவில் மலம் தின்று அலையும் பன்றியை நாம் ஆதரிக்கிறோம் என்றும் எவரும் கொள்ள வேண்டாம். அவ்விதம் அலையும் பன்றியின் மூலம் நாடாப்புழு பரவுகிறது. அப்புழுவின் முட்டை மனிதனின் வயிற்றில் சென்று மூளையைத் தாக்கி வலிப்பை உண்டாக்குகிறது. பன்றியைக் கட்டி வளர்க்க வேண்டும். இறைச்சியை நன்கு வேகவைத்தே உண்ண வேண்டும். ஹோட்டல் எச்சிலைக் காய்ச்சாமல் அதற்கு ஊற்றவே கூடாது. அந்த எச்சிலே இக்காய்ச்சல் பரவும் முக்கிய வழிகளுள் ஒன்று. நாட்டு இனம் என்பது வேறு. அசுத்தமாக வளர்ப்பது என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பியதே நாட்டுப் பன்றிக்கு நேர்ந்த அபவாதம்.

பன்றி என்றதும் முகம் சுளிக்கும் வாசகர்கள் நம்மிடையே உண்டென்பதை நாம் அறிவோம். சமயத்தினாலோ ஆசாரத்தினாலோ அதனை விலக்குவோரை உண்ணும்படி நாம் வற்புறுத்தவில்லை. ஆனால் நாம் உண்ணாதது பிறருக்கு உணவாகவும் சொத்தாகவும் இருப்பதை மதிக்க வேண்டியது தேசபக்தியின் ஓர் அங்கம். இந்நாட்டில் பன்றி வளர்ப்போர் பெரும்பாலும் மலைவாழ் குடிகளும், சமவெளியில் ஒடுக்கப்பட்ட வகுப்பாரும் ஆவர். ஐந்நூறு பசுக்கள் ஒரு ஜில்லாவில் மாண்டிருந்தால் சட்டசபையில் எத்தனை கேள்விகள் எழுந்திருக்கும்! பல்லாயிரம் பன்றிகள் மாண்டபொழுது எத்தனை பேர் எழுந்து பேசினார்கள்? பிராணியின்மீது உள்ள அருவருப்பு அதை வளர்ப்பவன்மீதும் படிந்துவிடுகிறது. அதனை நாம் நம்மிடமிருந்தே முதலில் அகற்றியாக வேண்டும்.

சர்க்காருக்கு நாம் சொல்ல விரும்புபவை சில. வியாதி காரணமாக அதிகாரிகள் கொன்ற பன்றிக்கு மட்டுமின்றி, அவர்கள் வந்து சேருமுன் நோயினால் மாண்ட பன்றிக்கும் உடையவன் கைக்கு ஈடு கிடைக்க வேண்டும்; இல்லையேல் அவன் நோயை மறைப்பான், நோய் பரவும். மறுபடியும் குட்டி கொடுக்கும்பொழுது எந்த இனம் வேண்டும் என்று அவனையே கேட்க வேண்டும். நாட்டுக் குட்டி கேட்பவனுக்கு அது இல்லை என்று சொல்லலாகாது. அதற்காக ஒவ்வோர் இனத்திலும் நோயற்ற மந்தைகள், ஒன்றுக்கொன்று தொலைவான இரண்டு மூன்று இடங்களில் பராமரிக்கப்பட வேண்டும். ஆண் பன்றியின் விந்து, காளையின் விந்தைப் போல உறைய வைத்துச் சேமிப்பதற்கு எளிதில் இணங்குவதன்று. ஆதலால் உயிருள்ள மந்தையே உண்மையான களஞ்சியம். இறுதியாக, சுத்தமான கசாப்புக் கூடங்களும் இறைச்சிப் பரிசோதனையும் ஏற்பட வேண்டும். வடகிழக்கில் உள்ளூர்க் கறுப்புப் பன்றியின் கறியை விரும்பிக் கேட்டு வாங்குவோர் ஏராளம். அவர்கள் கேட்டதே கிடைக்கிறது என்ற நம்பிக்கையைச் சந்தையில் உண்டாக்கினால், வளர்ப்பவனுக்கு நியாயமான விலை கிடைக்கும், இனமும் பிழைக்கும்.

ஹைத்தியின் குடியானவனை எவரும் கேட்கவில்லை. அவனுக்கு எது நல்லது என்பதை அவனைத் தவிர மற்றெல்லாரும் அறிந்திருந்தார்கள். நமது மலைநாட்டுச் சகோதரர்களின் காலியான கொட்டில்களுக்கு முன் நமது உத்தியோகஸ்தர்கள் நிற்கும்பொழுது, கையிலுள்ள திட்டத்தை வாசிப்பதற்கு முன், இங்கே முன்பு நின்ற பன்றி எது என்று அவர்களை ஒரு முறை கேட்கட்டும். அந்த ஒரு கேள்விக்குச் செலவு ஒன்றுமில்லை. அதைக் கேளாமல் விட்டதன் செலவை ஹைத்தி கொடுத்திருக்கிறது. நாமும் கொடுக்க வேண்டிய அவசியமில்லை.